இடது தோள்

மெங்கெஷில் காலை ஏழு மணி.
காம்னிக் மலைகளின் மேல் இரவு விழுந்த பனி.
தாதேயா கோட்டைக் கழற்றி மாட்டி
காலணிக்கு உறை போட்டு
நேற்று ஓடவிட்டுப் போன கருவியின் முன் அமர்கிறாள்.

ஒரு மயிரிழை நுழையுமளவு துளையுள்ள கண்ணாடிக் குழாய்.
ஒரு முனையில் அமிலம், மறுமுனையில் காரம்.
மூவாயிரம் வோல்ட் ஏறியதும்
உள்ளே புரதங்கள் நடக்கத் தொடங்கும்:
கூட்டல் மிகுந்தது காரத்தை நோக்கி
கழித்தல் மிகுந்தது அமிலத்தை நோக்கி.
போகப்போகச் சுமை கரையும்.
பூஜ்யமான இடத்தில் ஒவ்வொன்றும் நின்றுவிடும்.
கேமராவுக்கு வேறு கேள்வி கிடையாது,
எங்கே நின்றாய்?

திரையில் ஒரு சிகரம்.
வலப்பக்கம் இரண்டு குன்றுகள்.
எல்லோரும் பயந்தது அந்தக் குன்றுகளுக்குத்தான்.
புதிய தொட்டியில் வளர்த்ததில் அவை இருமடங்கு.
எதிர்ப்பொருளின் இரு கனத்த சங்கிலிகளின் வாலிலும்
ஒரு லைசின் இருக்கலாம், உதிர்ந்தும் போயிருக்கலாம்.
ஒன்றுமில்லை, ஒன்று, இரண்டு.
இதைச் சொல்ல ஸ்லோவேனிய மொழியில் வசதி உண்டு.
பலர் போகிறோம் என்றால் க்ரேமோ.
நாம் இரண்டே பேர் என்றால் க்ரேவா.
ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே
இரண்டுக்கென்றே ஒரு வினைமுற்று;
தமிழில் எனக்கு அது இல்லை, மூன்று சொல் செலவாகிறது.

மனித சீரத்தில் கலந்து
முப்பத்தேழு டிகிரியில் வைத்துப் பார்த்தாள்.
மறுநாள் மதியத்துக்குள் வால்களைக் காணோம்.
நகம் வெட்டுவதுபோல் வெட்டிப் போட்டிருந்தது சீரம்.
மூன்று வாரக் கூட்டங்கள், அறுபது பக்க அறிக்கை,
எல்லாம் அந்த நகத்துக்கு.
யெர்னெய் எல்லோருக்கும் வால்நட் ரொட்டி வாங்கி வந்தான்.

அப்புறம்தான் இடது தோள்.
சிகரத்தின் மறுபக்கச் சரிவில்
சட்டைக்குள் எதையோ ஒளித்த மாதிரி ஒரு புடைப்பு.
ஆறு மாதம் அலமாரியில் நின்ற குப்பிகளில் மட்டும்.
ஓர் அஸ்பராஜின் தன் அமைடை உதறிவிட்டு
அமிலமாகியிருக்கிறது.
எடையில் ஒரு டால்டன் வித்தியாசம்,
ஒன்றரை லட்சத்தில் ஒன்று.
தராசு சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டோம்.
ஆனால் ஒரு கழித்தல் குறி கூடியிருந்தது,
ஓரடி முன்னமே நின்றுவிட்டது.
அதுவும் எங்கே?
நோயைப் பற்றும் விரலிடுக்கில்.
பிரித்தெடுத்துப் பிணைத்துப் பார்த்தாள்:
பிடி பாதிக்குப் பாதி தளர்ந்திருந்தது.

"அந்தக் கோட்டைக் கொஞ்சம் தள்ளினால்?"
யெர்னெய் கேட்டான், திரையைப் பார்க்காமல்.
சிகரத்தையும் தோளையும் பிரிக்கும் செங்குத்துக் கோடு.
மவுஸை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும்,
நாலு புள்ளி ஒன்று இரண்டு புள்ளி ஒன்பதாகும்.
அனுமதித்த எல்லை மூன்று.

கெட்டவன் இல்லை அவன்.
முதல் ஊசிக்குக் காத்திருக்கும்
இருநூற்றுப் பதினோரு பேரின் பட்டியல்
அவன் மேஜையில்தான் இருக்கிறது.
அதில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் ஒன்பது பேர்
என்பது வரை தெரியும் அவனுக்கு.

தாதேயா பதில் சொல்லவில்லை.
பள்ளம் இருந்த இடத்திலேயே கோட்டை இறக்கினாள்.
கருவி கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள்.
நாலு புள்ளி ஒன்று அச்சாகி வெளியே வந்தது,
தாள் இன்னும் சூடு.

இனி கரைசலில் கொஞ்சம் அமிலம் கூட்டவேண்டும்.
புதுக் குப்பிகளை அலமாரியில் நிறுத்தவேண்டும்.
ஆறு மாதம் இந்த முறையும்
ஆறு மாதமாகவே இருக்கும்.

மேல்மாடியில் பத்து மணிக்குக் கூட்டம்.
கதவருகே நின்று "க்ரேமோ" என்பான் வழக்கமாக,
யார் வந்தாலும் வராவிட்டாலும்.
லிஃப்ட் மறுபடி பழுது.
தாளை மேஜையிலிருந்து அவனே எடுத்தான்,
இரண்டாக மடித்தான்,
படி தொடங்கும் இடத்தில் நின்று திரும்பி
"க்ரேவா" என்றான்.